சேனல் சென்சிங்: அலைத்தட உணர்தல்

ஓர் அலைத்தடம், அதாவது ரேடியோ அலைகளுக்கென வகுத்த ஓர் அதிர்வெண் பகுதி, இப்போது காலியாக இருக்கிறதா, யாரேனும் பயன்படுத்துகிறார்களா என்று ஒரு கருவி தானே ஆராய்ந்து முடிவெடுப்பது சேனல் சென்சிங். சூழலை அறிந்து தன் இயக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் அறிதிறன் (காக்னிட்டிவ்) ரேடியோவுக்கு உயிர்நாடி இதுதான். உரிமம் பெற்ற முதன்மைப் பயனர் இல்லாத நேரத்தில் பிறர் அத்தடத்தில் புகலாம். அவர் திரும்பியவுடன் விலகிவிட வேண்டும். இந்த ரேடியோவுக்கு 'காக்னிட்டிவ்' என்னும் அடைமொழியை 1999இல் ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்ட் மகுவயரும் எழுதிய கட்டுரை பரவலாக்கியது.

'சேனல்' என்பதற்கு மூலம், குழாயையும் நீரோடும் வாய்க்காலையும் குறித்த 'கனாலிஸ்' என்ற லத்தீன் சொல். 'சென்ஸ்' அதே மொழியின் 'சென்டீரே'யிலிருந்து வந்தது; உணர்தல் என்று பொருள். தமிழில் 'அலைவரிசை' தொலைக்காட்சி நிலையத்தையும் குறிக்கிறது. 'அலைக்கற்றை'யோ ஸ்பெக்ட்ரத்துக்கு உரியதாகிவிட்டது. ஆகவே 'அலைத்தடம்' என்பதே குழப்பமற்றது. 'கண்டறிதல்' என்றால் அங்கே ஏதோ இருப்பதாக முன்கூட்டியே கொண்டதுபோல் ஆகிவிடும். 'உணர்தல்' என்பதில் புலனால் அறிவதும் தெளிந்து முடிவுக்கு வருவதும் சேர்ந்தே அடங்கியிருப்பதால் அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

அந்த முடிவு இரு வழிகளில் பிழைக்கலாம். பயனர் இருந்தும் இல்லை என்பது தவறவிடல். இல்லாதபோது இருப்பதாகச் சொல்வது பொய் எச்சரிக்கை. முன்னது உரிமம் பெற்றவருக்கு இடையூறு, பின்னது வாய்ப்பு வீண். தொலைக்காட்சி அலைத்தடங்களின் வெற்றிடங்களுக்காக 2011இல் வந்த, ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பின் 802.22 தரநிலை, இரைச்சலுக்குள் அமிழ்ந்துகிடக்கும் சைகையை (சிக்னல்) கூட 90 சதவீத அளவுக்கு உணர வேண்டும் என்கிறது. பொய் எச்சரிக்கை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வந்துசேரும் ஆற்றலை அளந்து ஒரு வரம்போடு ஒப்பிடுவது எளிய முறை. ஆனால் இரைச்சலின் அளவு துல்லியமாகத் தெரியாதவரை, சைகை ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு நேரம் கேட்டாலும் பயனில்லை. அந்த இடத்தில் சுழற்சிப் பண்பை நாடும் முறை கைகொடுக்கும்: மனிதர் அமைத்த சைகைக்குள் மறைந்திருக்கும் காலமுறை ஒழுங்கு, இயற்கை இரைச்சலில் இராது. இதற்குக் கணக்கீடு மிகுதி.

துல்லியத்தைப் பெரிதும் உயர்த்துவது கூட்டுணர்தல் என்பேன். கட்டடத்தின் மறைவில் இருக்கும் கருவிக்கு எட்டாத சைகை, திறந்த வெளியில் இருக்கும் மற்றொன்றுக்கு எட்டும். பல கருவிகளின் முடிவுகளை எப்படி இணைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஒன்று 'உண்டு' என்றாலே ஏற்பது என்றால் தவறவிடல் குறையும், பொய் எச்சரிக்கை கூடும். எல்லாம் ஒத்துச் சொன்னால்தான் ஏற்பது என்றால் இதற்கு நேர்மாறு.