ஒரே சொடுக்கில் கிடைத்த அறுமுகி வலை

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இளம் பொறியியலாளர், இயந்திர அதிர்வைத் தாங்கும் இறப்பர்த் தாங்கி ஒன்றின் கணிப்பைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். "சேர், முழுக்க அறுமுகிதான், மென்பொருள் தானாகவே போட்டுத் தந்தது" என்றார்.

கணிப்புக்காகப் பொருளை மூலகங்கள் எனும் சிறு துண்டுகளாகப் பிரிப்பதே வலை; அவை சந்திக்கும் புள்ளிகள் கணுக்கள். ஆறு முகமுள்ள பெட்டி போன்ற மூலகம் அறுமுகி, நான்கு முக்கோண முகமுள்ளது நான்முகி. அந்த வலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். ஒழுங்கான அறுமுகி வலையில் உட்கணு ஒவ்வொன்றிலும் எட்டு மூலகங்கள் சந்திக்க வேண்டும். இங்கே ஓரிடத்தில் நான்கும், அடுத்ததில் ஆறும், சில இடங்களில் இருபதுக்கு மேலும் சந்தித்தன. முதலில் நான்முகிகளால் நிரப்பி, பின்னர் ஒவ்வொன்றையும் நான்கு அறுமுகிகளாகப் பிளந்ததன் தடயம் அது. பெயருக்கு அறுமுகிதான்; ஆனால் நாம் அறுமுகியைத் தேடுவதற்கான காரணம் அதில் இல்லை.

நான்கு கணு நான்முகிக்குள் விகாரம் (உருமாற்றத்தின் அளவு) எங்கும் ஒரே அளவாகவே இருக்கும். ஆகவே அது வளைவில் உண்மையைவிட விறைப்பாக நிற்கும். கனவளவு ஏறக்குறைய மாறாத இறப்பரில் உருமாறவே முடியாதபடி பூட்டிக்கொண்டே விடும். (எட்டுக் கணு அறுமுகியும் முழுத் தொகையீட்டில், அதாவது உள்ளே எல்லா மாதிரிப் புள்ளிகளிலும் கணக்கிட்டால், பூட்டிக்கொள்ளும்; இறப்பருக்கு அழுத்தத்தைத் தனி மாறியாகக் கொள்ளும் கலப்பு மூலகமே தேவை.)

நான்முகி வலையைத் தானியக்கமாக்குவது பெரும்பாலும் தீர்ந்த விடயம். அறுமுகி அப்படியல்ல, ஏனெனில் நெசவில் ஊடிழையைத் துணியின் நடுவில் நிறுத்த முடியாததுபோல, அறுமுகி அடுக்கொன்று பொருளுக்குள் எங்கும் முடிந்துவிட முடியாது. ஒரு மூலையில் சேர்த்த அடுக்கு மறுகரைவரை ஓடும். இரட்டை எண்ணிக்கையிலான நாற்பக்க முகங்களால் மூடப்பட்ட கோளவகை மேற்பரப்பை உள்ளே அறுமுகிகளால் நிரப்பலாம் என்று ஆய்வாளர் மிச்செல் 1996இல் நிறுவினார்; ஆனால் அது தொடர்பமைப்பை, அதாவது எந்த மூலகம் எதோடு இணைகிறது என்பதைப் பற்றிய உறுதி மட்டுமே, வடிவத்தைப் பற்றியதல்ல. மேற்பரப்பில் பதினாறு நாற்பக்க முகங்கள் மட்டுமே கொண்ட, ஷ்னைடர்ஸ் கூம்பகம் எனும் சோதனை வடிவத்துக்கு 2010இல் 88 அறுமுகிகள் கொண்ட தீர்வும், 2018இல் 36 கொண்ட தீர்வும் கிடைத்தன. அவ்வளவு சிறிய வடிவத்துக்கே இந்தப் பாடு.

எண்மரக் கட்டத்திலிருந்து (கனசதுரத்தை எட்டெட்டாகப் பிரித்துக்கொண்டே போகும் கட்டம்) தொடங்கும் முறைகள் உள்ளே அழகான கனசதுரங்களைத் தருகின்றன, மோசமான மூலகங்களையோ மேற்பரப்பில் ஒதுக்குகின்றன. தகைப்பு (ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை) உச்சம் பெறுவது பெரும்பாலும் அங்கேதான். எனவே மூலகத்தின் வடிவம் எவ்வளவு திரிந்துள்ளது என்று காட்டும் யாக்கோபியனின் சராசரியைக் காட்டும் அறிக்கையை ஏற்காமல் அதன் மிகக் குறைந்த பெறுமானத்தைக் கேளுங்கள்: அளவிடப்பட்ட பெறுமானம் கனசதுரத்துக்கு 1, பூச்சியத்துக்குக் கீழே போனால் மூலகம் புரண்டுவிட்டது. எட்டு மூலைகளிலும் அது பூச்சியத்துக்கு மேல் இருப்பதுகூட உட்புறத்துக்கு முழு உத்தரவாதமல்ல.

அந்தத் தாங்கியை அச்சுவழியே நான்காக வெட்டி, முகத்தில் நாற்பக்க வலை போட்டு, நீளவாக்கில் இழுத்தோம். அரை நாள் பிடித்தது. அதைப் பிடித்திருக்கும் வார்ப்பிரும்புக் கவ்விக்கு அறுமுகி தேடவேயில்லை. விளிம்புகளின் நடுவிலும் கணு இருப்பதால் விகாரம் உள்ளே மாறக்கூடிய பத்துக் கணு நான்முகிகளை இட்டு, வலையை இருமுறை நுணுக்கி, விடை நிலைக்கிறதா என்று மட்டும் பார்த்தோம்.