அப்டேட் போட்டாயிற்று, ஓடுவது இன்னும் பழையதுதான்

லினக்ஸ் சர்வரில் நுழைந்து, மென்பொருள்களைப் புதுப்பிக்கும் 'ஆப்ட் அப்கிரேட்' கட்டளையைக் கொடுக்கிறீர்கள். நாற்பது பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) இறங்கி, விரிந்து, நிறுவப்பட்டு முடிகின்றன. இணைப்புகளை மறையாக்கம் செய்ய பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் பதிப்பைக் கேட்டால் புதிய எண் வருகிறது. அந்த நொடியிலும் உங்கள் தளத்துக்கு வரும் ஒவ்வொரு இணைப்பையும் ஓட்டையுள்ள பழைய லைப்ரரியே கையாண்டுகொண்டிருக்கலாம். டிஸ்க்கில் தேடினால் அந்தப் பழைய கோப்பு கிடைக்காது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸில் கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. ஃபோல்டர் என்பது பெயருக்கு நேரே ஓர் எண்ணை எழுதிவைத்த பட்டியல், அவ்வளவுதான். அந்த எண் சுட்டுவது ஐநோட் என்ற பதிவை. கோப்பின் உள்ளடக்கம் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது, யாருக்கு உரியது என்பதெல்லாம் ஐநோடில் இருக்கும். அப்டேட் நடக்கும்போது பேக்கேஜ் மேலாளர் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதியதைத் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி முடித்து, கடைசியில் ஒரே அடியாகப் பெயரை மாற்றுகிறது. இப்போது அந்தப் பெயர் புதிய ஐநோடைக் காட்டும். பழைய ஐநோடுக்குப் பெயர் போய்விட்டது, உயிர் போகவில்லை. அதைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ், அதாவது ஓடும் நிரல், ஒன்றாவது இருக்கும்வரை லினக்ஸின் மையமான கெர்னல் அதை அழிக்காது. மூன்று மாதம் முன்பு துவங்கிய என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், துவங்கியபோது நினைவகத்தில் கோத்துக்கொண்ட லைப்ரரியையே இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதைக் குறை என்று சொல்ல முடியாது. ஓடும் நிரலுக்கு அடியில் இருக்கும் கோப்பில் நேரடியாக எழுதினால், பாதி பழையது பாதி புதியது என்ற கலவையில் கால் வைத்து அது விழும். விண்டோஸ் வேறு வழியில் போனது: பயன்பாட்டில் இருக்கும் கோப்பைப் பொதுவாகப் பூட்டிவைத்து, மாற்றத்தை அடுத்த ரீபூட்டுக்குத் தள்ளிவிடும். அங்கே 'ரீஸ்டார்ட் செய்யவும்' என்று நச்சரிப்பு வரும். லினக்ஸ் பொதுவாக வாயைத் திறக்காது. என்னைக் கேட்டால் நச்சரிப்பே மேல்.

கண்ணால் பார்க்க வழி உண்டு. ப்ராக் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதன் எண்ணில் ஓர் உள்ஃபோல்டர் இருக்கும். அதில் 'மேப்ஸ்' என்ற கோப்பைத் திறந்தால், அந்த ப்ராசஸ் நினைவகத்தில் கோத்திருக்கும் லைப்ரரிகள் வரிவரியாக வரும். பெயர் போன லைப்ரரியின் வரிக்குக் கடைசியில் 'டெலிட்டட்' என்று இருக்கும். கையால் தேட வேண்டாம் என்றால் டெபியன், உபுண்டுவில் 'நீட்ரீஸ்டார்ட்', ரெட்ஹேட் குடும்பத்தில் 'நீட்ஸ்-ரீஸ்டார்டிங்' என்ற கருவிகள் இதே சோதனையைச் செய்து எந்தெந்தச் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று பட்டியல் தரும். அந்தப் பட்டியல் காலியாகும்வரை அப்டேட் முடியவில்லை என்றே கணக்கு.

2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டையில் இது பெரிய அளவில் தெரிந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்த பிழை அது. ஒரு கேள்வி அனுப்பினால் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளித் தரும், எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். திருத்தம் 1.0.1ஜி பதிப்பில் வந்தது. அதை நிறுவியது முதல் படி. அந்த லைப்ரரியைப் பிடித்திருந்த வெப் சர்வர், மெயில் சர்வர் எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்வது இரண்டாவது. கசிந்த நினைவகத்தில் சர்வரின் அந்தரங்கச் சாவியும் இருந்திருக்கலாம் என்பதால் புதிய சாவி உருவாக்கி, தளத்தின் அடையாளத்துக்கு அத்தாட்சியான சான்றிதழைப் புதிதாக வாங்கி, பழையதை ரத்து செய்வது மூன்றாவது. பழைய சாவிக்கே புதிய சான்றிதழ் வாங்கியவர்களும் இருந்தார்கள். பூட்டை மாற்றாமல் சாவிக்கொத்தின் வளையத்தை மட்டும் மாற்றிய கதை.

'ரீலோட் கொடுத்தேனே, போதாதா' என்ற கேள்வி இங்கே எழும். போதாது. என்ஜின்எக்ஸில் ஒரு தலைமை ப்ராசஸும் அதன் கீழே பல வேலைக்கார ப்ராசஸ்களும் இருக்கும். ரீலோட் கொடுத்தால் தலைமை ப்ராசஸ் அமைப்புக் கோப்பை மறுபடி படித்து, புதிய வேலைக்காரர்களைப் பிறப்பிக்கும். பழையவர்கள் கையிலிருந்த இணைப்புகளை முடித்துவிட்டு விலகுவார்கள். பார்வையாளர் யாருக்கும் இணைப்பு அறாது. ஆனால் புதிய வேலைக்காரர்கள் தலைமை ப்ராசஸின் நகல்கள், அதன் நினைவகத்தையே வாரிசாகப் பெறுகிறார்கள். தாயிடம் பழைய லைப்ரரி என்றால் பிள்ளைகளிடமும் அதேதான். லைப்ரரியோ நிரலோ மாறியிருந்தால் முழு ரீஸ்டார்ட் வேண்டும். ஓரிரு நொடி இடைவெளியும் ஆகாது என்றால், தலைமை ப்ராசஸுக்கு 'யூஎஸ்ஆர்2' சிக்னல் அனுப்பலாம். அதே போர்ட்டைப் பகிர்ந்துகொண்டு புதிய தலைமை ப்ராசஸ் ஒன்று புதிய நிரலிலிருந்து எழும். அது சரியாக ஓடுகிறது என்று பார்த்த பிறகு பழையதற்கு 'குவிட்' சிக்னல் அனுப்பி வழியனுப்ப வேண்டும்.

பல தளங்கள் எழுதப்படும் பிஎச்பி மொழியிலும் இதன் தம்பி ஒருவன் உண்டு. ஓபிகேஷ் என்ற வசதி, தொகுத்த நிரலை நினைவகத்தில் சேமித்துவைக்கும். இயல்பான அமைப்பில் 2 நொடிக்கு ஒருமுறை கோப்பின் தேதி மாறியதா என்று பார்த்துக்கொள்ளும். வேகத்துக்காக அந்தச் சோதனையை அணைத்துவைத்த சர்வரில், பிளகினை (தளத்தில் சேர்த்த கூடுதல் நிரலை) புதுப்பித்தாலும் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் சேவையை ரீலோட் செய்யும்வரை பழைய நிரலே ஓடும்.

கெர்னலுக்கு ரீபூட்தான். உபுண்டுவில் அது தேவைப்படும்போது ரன் ஃபோல்டரில் 'ரீபூட்-ரிக்வயர்டு' என்ற பெயரில் ஒரு கோப்பு முளைக்கும். தானியங்கி அப்டேட் வசதி கெர்னலை நிறுவிவிடும், ஆனால் நீங்கள் தனியாகச் சொல்லாதவரை ரீபூட் செய்யாது. ஆகவே எல்லாம் தானாக நடக்கிறது என்று நம்பி விட்ட சர்வரில் ஐந்தாறு கெர்னல்கள் டிஸ்க்கில் அடுக்கடுக்காகக் கிடக்க, ஓடுவது எல்லாவற்றிலும் மூத்ததாக இருக்கலாம். பூட் பகுதி அரை ஜிபி அளவில் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அந்த அடுக்கே அதை நிரப்பிவிடும். அடுத்த கெர்னல் பாதி எழுதிய நிலையில் நின்று, பேக்கேஜ் மேலாளர் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் முரண்டு பிடிக்கும். தேவையற்ற பழைய கெர்னல்களை 'ஆட்டோரிமூவ்' மூலம் அவ்வப்போது நீக்கி, இப்போது ஓடுவதையும் அதற்கு முந்தியதையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2015இல் வந்த லினக்ஸ் 4.0 முதல் ரீபூட் இல்லாமலே கெர்னலுக்குள் நேரடித் திருத்தம் செய்ய வழி இருக்கிறது. ஓட்டையுள்ள ஃபங்ஷனின் வாசலில் ஒரு திசைமாற்றி வைத்து, அழைப்பைத் திருத்திய ஃபங்ஷனுக்கு அனுப்புவார்கள். ஆழமான மாற்றங்களுக்கு இது சரிவராது. ரீபூட்டைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது.

பல மாதம் ரீபூட் காணாத சர்வரை எடுத்தால், அப்டேட்டுக்கு முன்பே ஒருமுறை ரீபூட் செய்துவிடுங்கள். நினைவகத்தில் மட்டும் சேர்த்த ஃபயர்வால் விதி, கையால் துவக்கி மறந்த சேவை, துவங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் மவுன்ட் பட்டியலில் எழுதாமல் இணைத்த டிஸ்க் எல்லாம் அப்போதே வெளிப்படும். அப்டேட்டுக்குப் பிறகு செய்யும் ரீபூட்டில் தளம் எழவில்லை என்றால், குற்றவாளி அப்டேட்டா பழைய மறதியா என்று பிரித்தறிய முடியாது.

பதிப்பு எண்ணை நம்பி ஏமாறுவது எதிர்த்திசையிலும் நடக்கும். டெபியன், ரெட்ஹேட் போன்றவை நிலையான வெளியீட்டில் மென்பொருளின் பதிப்பை மாற்றுவதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே தைத்துவிடுவார்கள். ஹார்ட்பிளீட் சரிசெய்யப்பட்ட டெபியன் 7இலும் லைப்ரரி 1.0.1இ என்றே இருந்தது, பின்னொட்டில்தான் 'டெப்7யூ5' என்று மாறியது. முன்பாதியை மட்டும் படிக்கும், ஓட்டை தேடும் ஸ்கேனர் 'ஆபத்து' என்று அலறும். அலறலைக் கேட்டு எங்கிருந்தோ மூலநிரலை இறக்கி நீங்களே தொகுத்து நிறுவினால், அன்றிலிருந்து அந்த லைப்ரரிக்கு அப்டேட் வராது. பேக்கேஜின் மாற்றக் குறிப்பில் ஓட்டையின் சிவிஇ எண் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

எவ்வளவு அவசரம்? 2014 அக்டோபர் 15 அன்று, தளம் நடத்த உதவும் ட்ரூபல் மென்பொருளின் 7.32 பதிப்பு வெளியானது, டேட்டாபேஸுக்குள் யாரும் கட்டளை நுழைக்கக்கூடிய ஓட்டையை அடைக்க. திருத்தத்தைப் படித்தாலே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும், தானியங்கித் தாக்குதல்கள் சில மணி நேரத்தில் தொடங்கின. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் புதுப்பிக்காத தளங்கள் கைப்பற்றப்பட்டதாகவே கருதுங்கள் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழு பிறகு சொன்னது. 'வாரக் கடைசியில் பார்க்கலாம்' என்பது இங்கே செல்லாது.

இதே வகை மென்பொருளான வேர்ட்பிரஸ் 2013இல் 3.7 பதிப்பிலிருந்து சிறு வெளியீடுகளைத் தானே நிறுவிக்கொள்ளத் தொடங்கியது இந்தக் காரணத்தால்தான். அதிலும் ஒரு வேடிக்கை. 2018 பிப்ரவரியில் வந்த 4.9.3, தானியங்கி அப்டேட் வசதியையே உடைத்துவிட்டது. மறுநாளே 4.9.4 வந்தது, ஆனால் 4.9.3 ஏறிய தளங்களால் அதைத் தாமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. தளத்துக்காரர் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானியங்கியாக விடுங்கள், ஆனால் அது ஓடியதா என்று பார்க்க ஒருவர் இருக்கட்டும்.

அப்டேட் தொடங்கும் முன் டேட்டாபேஸ் பேக்கப். கோப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்புவது எளிது, டேபிள்கள் அப்படியல்ல. பிளகினின் புதிய பதிப்பு முதல் முறை ஓடும்போது டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றியிருந்தால், பழைய கோப்புகளைத் திரும்ப வைத்ததும் அவை இல்லாத நெடுவரிசையைத் தேடித் தடுமாறும். ஆகவே கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இன்னோடிபி வகை டேபிள்களுக்கு 'சிங்கிள்-ட்ரான்சாக்ஷன்' தெரிவுடன் டம்ப் (முழு நகல்) எடுத்தால், தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே கணத்தின் படம் கிடைக்கும். எடுத்ததை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்தால்தான் அது பேக்கப், இல்லையேல் வெறும் பெரிய கோப்பு.

அப்டேட் கட்டளையை டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் என்ற கருவிக்குள் ஓட்டுங்கள். பாதியில் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. அப்படியும் நின்றுவிட்டால் டெபியனில் 'டிபிகேஜி' கட்டளையை 'கான்ஃபிகர்', 'ஏ' தெரிவுகளுடன் கொடுத்தால் பாதியில் கிடப்பவற்றை முடித்துவைக்கும். நடுவில் 'அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதியதை வைக்கவா' என்று கேட்கும். உங்களுடையதை வைத்துக்கொண்டால் புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற பின்னொட்டுடன் பக்கத்தில் கிடக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. புதிய பதிப்பில் நீக்கப்பட்ட ஒரு வரி பழைய கோப்பில் இருந்தாலே போதும், சேவை எழாது. என்ஜின்எக்ஸில் 'டி' தெரிவுடன் சோதித்த பிறகு ரீஸ்டார்ட் கொடுப்பது பத்து விநாடி வேலை.

பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் கெர்னல், வெப் சர்வர், பிஎச்பி எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு, வேர்ட்பிரஸும் பிளகின்களும் பொதுவாக உங்களுடையவை. விபிஎஸ் என்ற தனி மெய்நிகர் சர்வர் வாங்கினால் எல்லாமே உங்கள் தலையில்.

டிஸ்க்குக்கும் நினைவகத்துக்கும் உள்ள இதே இடைவெளி சான்றிதழிலும் வரும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் பல ஆண்டுகளாக 90 நாளுக்கானது, வழக்கமாக 30 நாள் மீதமிருக்கும்போது கருவி தானே புதுப்பித்து டிஸ்க்கில் வைத்துவிடும். என்ஜின்எக்ஸோ துவங்கியபோது படித்த பழைய சான்றிதழையே நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே ரீலோட் போதும், அதை யாராவது கொடுக்க வேண்டும். புதுப்பித்த பின் ஓடவேண்டிய கட்டளையாக அதைக் கருவியிலேயே எழுதிவையுங்கள். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச்சில் 47 நாளாகக் குறையப்போகிறது. கண்காணிப்பு நிரல் டிஸ்க்கில் உள்ள கோப்பின் தேதியைப் படித்தால் எப்போதும் பச்சை விளக்குதான் எரியும். வெளியிலிருந்து, பாதுகாப்பான இணைப்புக்கான 443ஆம் போர்ட்டில் இணைந்து, சர்வர் உண்மையில் நீட்டும் சான்றிதழின் காலாவதித் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்.