வீடு யார் பேரில்?

"வக்கீலம்மா, வீடு கட்டித் தர்றேன்னு வந்திருக்காங்க. ஆனா என் பேருல பட்டா இருக்கான்னு கேக்குறாங்க."

வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த பெண். வயது 34, உப்பளத்தில் கூலி வேலை, இரண்டு பிள்ளைகள். கணவர் இறந்து நான்கு ஆண்டுகள். 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைக் கொண்டுபோனதிலிருந்து வீட்டுக்கு மேலே தார்ப்பாய்தான். ஓர் அறக்கட்டளை அவரைப் பயனாளியாகத் தேர்ந்தெடுத்திருந்தது. சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் அவர்கள் பொறுப்பு. மனை மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும். இருந்ததோ மாமனார் பேரில்.

மாமனாரும் கூடவே வந்திருந்தார். நல்ல மனிதர். "நம்ம இடந்தானேம்மா, கட்டிக்கிட்டுப் போகட்டும். யாரு வந்து கேக்கப்போறா?" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கட்டிய வீடுகளுக்காக நான் நடத்திய வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. பெரியவர் இருக்கும்வரை யாரும் கேட்பதில்லை. அவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கேட்பார்கள்.

கணவர் பேரிலேயே நிலம் இருந்தால் விஷயம் எளிது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், கணவரின் தாய் எல்லாருக்கும் சம பங்கு. கணவரின் தாய் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினால் வேலை முடிந்தது. (தகப்பனார் முதல் வகுப்பு வாரிசு இல்லை என்பது பலருக்குத் தெரியாது.) மாமனாரின் சுயசம்பாத்தியம் என்றால், அவர் உயிரோடு இருக்கும்வரை மருமகளுக்கு அதில் ஒரு பிடி மண்கூட உரிமையில்லை. பூர்வீகச் சொத்து என்றால் கணக்கே வேறு, அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இவர் விஷயத்தில் அது சுயசம்பாத்தியம். ஆகவே மாமனார் செட்டில்மெண்ட், அதாவது விலை வாங்காமல் சொத்தை மாற்றித் தரும் பத்திரம், எழுதித் தர வேண்டும். இதில் ஒரு சிக்கல். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை குறைவு. ஆனால் 'குடும்பம்' என்ற அந்தப் பட்டியலில் பேரப்பிள்ளைகள் உண்டு, மருமகள் இல்லை. அதனால் பேரன் பேருக்கு எழுதிவிடலாம் என்றுதான் பெரும்பாலும் யோசனை சொல்வார்கள். செலவு குறையும், உண்மைதான். அப்புறம்? மைனர் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். அந்த வீட்டில் தாய் வெறும் காப்பாளர்தான். பையனுக்கு 18 வயது ஆனதும் வீடு அவன் கையில். அவன் நல்லவனாகவே இருக்கட்டும், அவனை நம்பி அவள் ஏன் நிற்க வேண்டும்?

அந்த ஊரில் 3 சென்ட்டின் வழிகாட்டி மதிப்பு குறைவு. கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சில ஆயிரம்தான். மருமகள் பேருக்கே எழுதச் சொன்னேன்.

பெரியவர் சற்றுத் தயங்கிவிட்டு, "என் காலம் வரைக்கும் கஞ்சி ஊத்தணும்னு ஒரு வரி போட்டுருங்க" என்றார். போட்டோம். அந்த வரி விளையாட்டில்லை. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், பிரிவு 23இன்படி, அந்த நிபந்தனையை மீறினால் அவர் தீர்ப்பாயம் போய்ப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். இதை மருமகளுக்கும் விளக்கினேன். "ஊத்தாம எங்கம்மா போயிடப்போறேன்" என்று சிரித்தார்.

பத்திரம் ஒரு நாளில் முடிந்தது. பட்டா அப்படியில்லை. 3 சென்ட்டைத் தனியாக அளந்து, கல் நட்டு, உட்பிரிவு எண் வாங்கிப் பெயர் மாற்றுவதற்குள் மாதங்கள் ஓடின. அறக்கட்டளையின் பணத்துக்கோ மார்ச் 31 கெடு. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது பிப்ரவரி பிறந்துவிட்டது. ஆகவே பயனாளிப் பட்டியலில் பெயர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், காகித வேலையை முன்னாலேயே தொடங்குங்கள். அரசுத் திட்டமானாலும் முதல் கேள்வி இதுதான். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறது. மனையைத் தருவதில்லை.

பட்டா கேட்டு அலைய விடுகிறார்களே என்று தொண்டு நிறுவனங்களை ஏசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இதே நாகை மண்ணில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் தொடங்கிய லாஃப்டி என்ற தொண்டு அமைப்பு, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலங்களைப் பெண்கள் பேரில்தான் பதிவு செய்தது. காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணவனை இழந்தவர்களைவிடக் கைவிடப்பட்டவர்கள் பாடுதான் பெரிது. "செத்திருந்தா ஒரு சர்டிபிகேட்டாவது இருக்கும்" என்று ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீடு பொதுவாகக் கணவன், மனைவி இருவர் பேரில். விதவைக்கும் பிரிந்து வாழ்பவருக்கும் தனிப் பெயரிலேயே ஒதுக்கலாம். ஆள் காணாமல் போயிருந்தால், போன உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கி வையுங்கள். ஏழு ஆண்டுகளாகத் தகவலே இல்லை, இறந்ததாகக் கருதுங்கள் என்று பின்னால் நீதிமன்றத்தில் நிற்கும்போது, எந்தத் தேதியிலிருந்து என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டு பேசும்.

அந்த வேதாரண்யத்துப் பெண்ணின் வீட்டுக்கு வருவோம். பயனாளியும் உழைக்க வேண்டும் என்பது அந்த அறக்கட்டளையின் விதி. 1976இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் தொடங்கிய, வீடு கட்ட உதவும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு நிறுவனமும் இப்படித்தான், வீடு பெறுபவரின் உடலுழைப்பையும் அவருடைய பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இவர் விடிகாலையில் உப்பளத்துக்குப் போகும் முன்னும், வந்த பின்னும் அடிபம்பில் தண்ணீர் அடித்துச் சுவருக்கு ஊற்றினார். மகள் ஒரு குடம், மகன் ஒரு வாளி.

குடிபோன பிறகு ஒருநாள் வந்தார். வீட்டு வரி ரசீது அவர் பேரில், மின் இணைப்பு அவர் பேரில். பட்டா நகலை லேமினேட் செய்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நன்றாக இருந்தது. பத்திரத்தையும் அப்படியே போட்டுவிடலாமா என்று கேட்டார். "அய்யோ, அதை மட்டும் தொடாதேம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.