பறக்க வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது எடை

சிறிய விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்க எடை எவ்வளவு?" என்பது. பெரும்பாலும் நாலைந்து கிலோ குறைத்துத்தான் பதில் வரும். சிலர் கல்யாணத்துக்கு முன்பு இருந்த எடையைச் சொல்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. புது ஆளிடம் எடையைச் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். ஆனால் இரண்டு இருக்கை விமானத்தில் அந்தக் கூச்சம் என்ன செய்யும் என்பதை எழுதியே ஆகவேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் பெங்களூர் முருகேஷ்பாளையாவிலிருந்து ஒருவர் வந்தார். அப்பா எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் மொட்டை மாடியில் நின்று விமானங்களைப் பார்த்தே வளர்ந்தவர். நாற்பது வயதில், வீட்டுக் கடன் முடிந்ததும், முதல் வேலையாகப் பறக்கக் கற்க வந்திருந்தார். கண்ணில் அப்படி ஒரு ஆசை. எடை 82 கிலோ என்று படிவத்தில் எழுதினார். எங்கள் அறையில் எடை மெஷின் ஒன்று எப்போதும் இருக்கும். ஷூவோடு ஏறச் சொன்னேன். 93 காட்டியது. தோள்பை இன்னொரு 3 கிலோ.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாங்கள் ஓட்டும் செஸ்னா 152 விமானம் தரையை விட்டு எழும்பும்போது இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 757 கிலோ. உபகரணங்களோடு எங்கள் விமானத்தின் வெற்று எடை 528 கிலோ. மிச்சம் 229. டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் பயன்படும் எரிபொருள் சுமார் 93 லிட்டர், அதாவது 67 கிலோ. மிச்சம் 162. அதில் நான் 74. ஆக, மாணவருக்கும் அவர் பைக்கும் சேர்த்து 88 கிலோதான் இடம். அவர் எழுதிய 82 சரி என்றால் பையோடு 85, தாராளமாகப் போகலாம். உண்மையில் அவர் பையோடு 96. எட்டு கிலோ அதிகம்.

எட்டு கிலோதானே என்று அவரும் கேட்டார். காரில் என்றால் ஒன்றுமில்லைதான். ஆனால் தீர்வும் அவ்வளவு சுலபம். பெட்ரோல் நிரப்பும்போதே 11 லிட்டர் குறைவாகப் போடச் சொல்லிவிட்டேன். இந்த விமானம் மணிக்குச் சுமார் 23 லிட்டர் குடிக்கும். 11 லிட்டர் குறைந்தாலும் மூன்றரை மணி நேரத்துக்குக் கையிருப்பு இருக்கிறது. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு அது போதும், தாராளம். உண்மையான எண் தெரிந்தால் அரை நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். தெரியாவிட்டால் ரன்வேயின் பாதியில்தான் தெரியவரும்.

பெங்களூரில் இது இன்னும் முக்கியம். நாங்கள் பறக்கும் ஜக்கூர் விமானத் தளமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு இவ்வளவுதான் என்று விமானக் கணக்கில் வைத்திருக்கும் வெப்பநிலை 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 35 டிகிரி அடிக்கும். வித்தியாசம் 26 டிகிரி. கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் தளத்தின் உயரத்தோடு சுமார் 120 அடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கமான கணக்கு. கூட்டினால் 6,100 அடிக்கு மேல் வருகிறது. அதாவது ஜக்கூரில் நின்றுகொண்டிருக்கும் விமானம், குன்னூரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பறக்கும். காற்று அவ்வளவு மெலிந்துவிடுகிறது. றெக்கைக்குப் பிடிப்பு குறைவு, புரொப்பெல்லருக்குப் பிடிப்பு குறைவு, எஞ்சினுக்கு மூச்சும் குறைவு. ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி போகிறது என்று வைத்துக்கொண்டால், 110 குதிரைத் திறன் எஞ்சினில் கையில் மிஞ்சுவது 90. கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 715 அடி ஏறக்கூடிய விமானம் இங்கே அந்த மதியத்தில் 500 அடிகூட ஏறாது. அதன்மேல் சொல்லாத எட்டு கிலோ.

அதே விமானம் காலை ஆறரைக்கு, 20 டிகிரியில், கொல்லிமலை உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். வித்தியாசம் ரன்வேயில் கண்ணுக்குத் தெரியும், உடம்புக்கும் தெரியும். அதனால்தான் புதியவர்களை விடிகாலையில் வரச் சொல்கிறோம். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நாலரை மணிக்குக் கிளம்ப வேண்டுமே என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மதியம் ஸ்லாட் காலியாக இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. அது காலியாக இருப்பதற்குக் காரணமே அந்த வெயில்தான்.

மைக்ரோலைட் என்ற மிக லேசான விமானம் கற்க வருகிறவர்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூட. இரண்டு பேர் உட்காரும் மைக்ரோலைட்டின் முழு எடையே பொதுவாக 450 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அதில் ஒரு ஆள் பத்து கிலோ மறைத்தால் பங்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை ஒன்று. இரண்டாவது, மாத்திரை. இந்த ஊரில் வருடம் பூராவும் யாருக்காவது மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. தூசி, மகரந்தம், திடீர்க் குளிர் என்று காரணம் பல. சளி மாத்திரை போட்டுக்கொண்டு வந்து, "சாதாரண சளிதான் சார்" என்பார்கள். கடைகளில் கிடைக்கும் பல சளி மாத்திரைகளில் குளோர்பெனிரமைன் இருக்கிறது. அலர்ஜிக்கு செட்ரிசின் போடுவார்கள். இரண்டும் மந்தத்தைத் தருபவை. தூக்கம் வருகிற மாதிரி தோன்றாமலேயே கை கால்களின் வேகம் குறையும். அந்த மந்தம் இருப்பதே அவருக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. இறங்கும்போது விமானம் தரைக்குப் பத்தடி மேலே இருக்கையில் ஒரு நொடி தாமதம் என்பது பெரிய தாமதம். குளோர்பெனிரமைன் போட்டவரை நான் குறைந்தது ஐந்து நாள் தள்ளி வரச் சொல்கிறேன்.

மாத்திரை போடாமல் சளியோடு வந்தாலும் சிக்கல்தான். மேலே ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியே வந்துவிடும். இறங்கும்போதுதான் வில்லங்கம். மூக்குக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் சின்னக் குழாய் வீங்கி அடைத்திருந்தால் காற்று உள்ளே திரும்பிப் போக முடியாது. செவிப்பறை உள்வாங்கும். வலி என்றால் சாதாரண வலி இல்லை. ஒரு பெண் கண்ணில் நீர் வழிய ரன்வேயைத் தேடியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கட்டுப்பாட்டை நான் வாங்கி விமானத்தை இறக்கினேன். காலையில் ஒரு போன் செய்திருந்தால் அவருக்கு அந்த வலி இருந்திருக்காது.

நம் ஆட்களிடம் மட்டும் நான் தனியாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: இன்றைக்கு விரதமா? கந்த சஷ்டி சமயத்தில் ஒரு மாணவி வந்தார். அல்சூர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு நேராகத் தளத்துக்கு. முந்தின நாளிலிருந்து சாப்பாடு இல்லை, தண்ணீரும் குறைவு. சொல்லவில்லை. ரன்வேயைச் சுற்றிவந்து இறங்கும் சர்க்யூட்டில், மூன்றாவது சுற்றில், அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. வேகத்தைச் சொல்லச் சொன்னால் பதிலே வரவில்லை. விரதம் அவர் நம்பிக்கை, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆறு நாளும் வகுப்பறைப் பாடம் நடத்தியிருக்கலாம். அடுத்த வருடம் அவரே முன்கூட்டிச் சொன்னார், அப்படித்தான் செய்தோம்.

மதுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டு விதிப்படி பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் ஒரு சொட்டும் கூடாது. சனிக்கிழமை ராத்திரி பார்ட்டி இருந்தால் ஞாயிறு காலை வகுப்பைப் போன் செய்து ரத்து செய்துவிடுங்கள்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. பதினாறு வயது நிரம்பினால் மாணவர் உரிமம் எடுக்கலாம், பதினேழில் தனியார் விமானி உரிமம், அதற்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு என்பதெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். ஆனால் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை செய்துகொள்வதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள், பணம் கட்டுவதற்கு முன்னால். வைப்புத்தொகையை உடைத்துக் கட்டணம் செலுத்திய ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். மகனுக்குச் சிவப்பு, பச்சை நிறங்கள் பிரித்துத் தெரியாது என்பது புள்ளிப் படங்களைக் காட்டிய அன்றுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியிலேயே சந்தேகம் இருந்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லப் பயம். பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. வலிப்பு, நெஞ்சுப் படபடப்பு, மனநலத்துக்கு எடுக்கும் மருந்து, எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பல குறைகளுக்கு வழி இருக்கிறது. மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் இருக்கிற வழியும் அடைபடும்.

பயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய விமானத்தில், யார் கையில் கட்டுப்பாடு என்பது எப்போதும் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். "யூ ஹாவ் கன்ட்ரோல்" என்று ஒருவர் சொல்ல, "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்று மற்றவர் சொன்ன பிறகே கை மாறும். பயந்துபோன மாணவர் பேசாமல் கன்ட்ரோலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். அதுதான் எனக்குப் பெரிய பயம். குறிப்பாகத் தரையிறங்கக் கடைசித் திருப்பம் திரும்பும் இடம். ரன்வேயைத் தாண்டிப் போகிறோமே என்று பதறிச் சாய்வைக் கூட்டுவார்கள், விமானத்தின் மூக்கையும் தூக்குவார்கள். உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது றெக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடும். 60 டிகிரி என்றால் 41 சதவீதம். அந்த உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள இடம் கிடையாது. எஞ்சின் நின்றால் கிளம்பிய ரன்வேக்கே திரும்பப் பார்ப்பதும் இதே கதைதான். பதறியது தெரிந்த நொடியே "சார், நீங்க எடுத்துக்கோங்க" என்று தமிழில் சொல்லிவிடுங்கள், போதும். ரேடியோவில்தான் ஆங்கிலம் கட்டாயம், எங்களுக்குள் இல்லை.

பயிற்சி மணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறக்காமலேயே, பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் எழுதிக்கொண்ட மணிகளை இந்திய விமானிகள் "பார்க்கர் பேனா மணி" என்பார்கள். பேனா மட்டும்தான் பறந்தது என்று அர்த்தம். "வானிலை சரியில்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் போட்டுவிடலாம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். உரிமத்துக்கு எண்ணிக்கை போதும், ஆனால் எஞ்சின் ஒருநாள் இருமும்போது கைக்கு வரவேண்டியது எண்ணிக்கை இல்லை. பக்கத்து ஏலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் பிப்ரவரியில் இங்கே பறப்பது நாட்கணக்கில் தடைபடும். பருந்துகள் கூடாமலிருக்க 2023-ல் பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்த இறைச்சிக் கடைகளையே மூடினார்கள். ஆகஸ்ட் மேகம் தலைக்கு மேலேயே நிற்கும். இங்கே மணிகள் மெதுவாகத்தான் சேரும். அதற்குத் தயாராக வாருங்கள்.

முருகேஷ்பாளையாக்காரர் இப்போது தனியாகப் பறக்கும் நிலைக்கு வந்துவிட்டார். நடுவில் ஒருநாள் காலை ஐந்து மணிக்குப் போன் செய்து, "பாப்பாவுக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல், நான் தூங்கல, இன்னைக்கு வேண்டாம் சார்" என்றார். அன்றைக்கே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. போன மாதம் ஒரு காலையில், மூன்று நல்ல இறக்கங்களுக்குப் பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து நான் இறங்கிக்கொண்டேன். இறங்கும் முன் ஒன்றே ஒன்று சொன்னேன்: "என் 74 கிலோ இப்போ இல்ல. நீங்க நினைக்கிறதுக்கு முன்னாடியே எழும்பிடும், வேகமா ஏறும், பயப்படாதீங்க." பயத்தோடு சிரித்தார். ரன்வேயின் பாதிகூட வராமலே சக்கரங்கள் தரையை விட்டன.