கடலோரக் கைக்கு வைர மோதிரம்: எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

நிச்சயதார்த்த மோதிரம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். மெல்லிய வளையம், அதன்மேல் உயர்ந்து நிற்கும் ஒற்றைக் கல், நாலு சின்னக் கால்கள். பார்க்க அழகுதான். ஆனால் நான் முதலில் கேட்பது, அதைப் போடப்போகும் பெண் கையால் என்ன வேலை செய்கிறார் என்பதை. ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியையா, கீழக்கரையில் தையல் வேலை பார்ப்பவரா, மண்டபம் பக்கம் பாசிக் கயிறு கட்டப் போகிறவரா என்று தெரியாமல் மோதிரத்தின் அமைப்பை முடிவு செய்யவே கூடாது.

வைரம் கடினமானது, அதைப் பிடித்திருக்கும் தங்கம் அப்படியல்ல. கல் உடைந்து பழுதுக்கு வருவது குறைவு, பிடி தளர்ந்து கல் விழுந்துவிட்டது என்று வருவதுதான் அதிகம். நைலான் வலையோ சேலை நூலோ பிராங்கில், அதாவது கல்லைப் பிடிக்கும் காலில், மாட்டி இழுத்தால் அதன் நுனி கொஞ்சம் நிமிரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால்தான் இடைவெளி தெரியும். நாலு பிராங்கில் ஒன்று போனால் கல் நழுவ வழி கிடைத்துவிடும். ஆறில் ஒன்று போனாலும் மற்ற ஐந்தும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். உயர்த்திக் கட்டிய ஒற்றைக் கல் மோதிரம்தான் வேண்டும் என்றால் ஆறு பிராங்குக்குக் குறையாதீர்கள். டிஃபனி நிறுவனம் 1886-இல் அறிமுகப்படுத்திய, இன்று உலகமே பின்பற்றும் அமைப்பும் ஆறு பிராங்க் கொண்டதுதான்.

கை ஓயாமல் வேலை செய்யும் என்றால் நான் சொல்வது பெசல்: கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு முழுவதுமாக அணைத்துப் பிடிக்கும் கட்டு, விரலோடு தாழ்ந்து இருக்கும்படி. தங்கச்சிமடத்திலிருந்து வலை பின்னும் வேலை பார்க்கும் ஒரு பெண், கல் இல்லாத மோதிரத்தோடு வந்தார். பெசலில் மாற்றிக் கட்டலாம் என்றதும், "அண்ணே, கல்லு சின்னதாத் தெரியுமே?" என்றார். பலருக்கும் இந்தப் பயம் உண்டு. 25 சென்ட் (கால் கேரட்) வட்டக் கல்லின் விட்டம் ஏறக்குறைய 4 மி.மீ. விளிம்பு அதில் மயிரிழை அளவைத்தான் மறைக்கும். சுற்றியுள்ள தங்கத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது முகப்பு பெரிதாகவே தெரியும். நன்றாகப் பட்டை தீட்டிய கல்லில் ஒளி மேலே நுழைந்து மேலேயே திரும்புவதால் மின்னலும் பெரிதாகக் குறையாது. சதுரம், இரு முனையும் கூரான படகு வடிவம் (மார்க்கீஸ்), கண்ணீர்த்துளி வடிவக் கற்களுக்குக் கூர்முனைதான் பலவீனம். அந்த முனையைத் தங்கம் மூடியிருக்க வேண்டும்.

பின்பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும். தேங்காயெண்ணெய், மீன் கொழுப்பு எல்லாம் அடியில் படிந்து கல் மங்கிவிடும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பிரஷ் போதும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் மட்டும் மோதிரத்தோடு கை வைக்காதீர்கள். குளோரின் 18 கேரட் தங்கத்தில் கலந்துள்ள மற்ற உலோகங்களை அரிக்கும்.

"916 இல்லையா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். 22 கேரட் மென்மையானது, பிராங்க் எளிதில் வளையும். வைரத்துக்கு 75 சதவீதத் தங்கம் உள்ள 18 கேரட்தான் பொருத்தம். அதில் 750 முத்திரையும் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாக ஆறு இடம் கொண்ட ஹெச்யுஐடி அடையாளக் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைக்கு இந்தக் குறியீடு கட்டாயம்.

அடுத்தது வளையம். 1.5 மி.மீ. அகலம் படத்துக்குத்தான் சரி. அன்றாடம் போட்டால் வளையம் நசுங்கி நீள்வட்டமாகும், அந்த அசைவில் கல்லின் பிடியும் தளரும். கடற்கரை மணல் தங்கத்தைவிடக் கடினம் என்பதால் தேய்மானமும் இங்கே அதிகம். 50 சென்ட் வரையிலான கல்லுக்கு 2 முதல் 2.5 மி.மீ. அகலம், உள்ளங்கைப் பக்கம் 1.5 மி.மீ.க்குக் குறையாத கனம் கேளுங்கள். 5, 6 மி.மீ. அகலம் பிடித்திருந்தால் அதே அகலமுள்ள அளவு வளையத்தைப் போட்டுப் பாருங்கள்; அகலம் கூடினால் அதே அளவு இறுக்கமாகத் தெரியும். ஏசி கடையில் குளிர்ந்த விரலில் எடுத்த அளவு நம் ஊர் வெயிலில் பொருந்தாது. வெளியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் கல் பதித்த வளையத்தைப் பின்னால் பெரிதாக்குவது மிகக் கடினம்.

மாப்பிள்ளைக்கு எடுப்பவர்களுக்கும் ஒன்று. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஆண்கள் தங்கம் போடாத குடும்பங்கள் வெள்ளியோ பிளாட்டினமோ கேட்கிறார்கள், நல்ல தேர்வுதான். எந்த உலோகமானாலும் படகில் போகிறவர் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். கயிறு இழுக்கும்போதோ படகிலிருந்து குதிக்கும்போதோ மோதிரம் மாட்டினால் விரலின் தோலும் சதையும் உரிந்துவிடும், விரலே போகலாம். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவுவதும் உண்டு. பெண்களும் கடலில் இறங்கும் முன் கழற்றுங்கள்.

பில்லில் தங்கத்தின் நிகர எடையும் கல்லின் எடையும் தனித்தனியாக இருக்க வேண்டும். 50 சென்ட் என்பது 0.1 கிராம், அதற்கும் சேர்த்துத் தங்க விலை போடக் கூடாது. கல்லுக்குச் சான்றிதழ் இருந்தால், அதிலுள்ள எண் கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்திருக்கிறதா என்று லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். பெசல் கட்டு அந்த விளிம்பை மூடிவிடும் என்பதால், கல்லைப் பதிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.