ராகினி: சொற்பொருளும் நிகரான தமிழ்ப் பெயரும்

பெண் குழந்தைக்கு இசையோடு தொடர்புடைய, கேட்பதற்கு மென்மையான பெயர் ஒன்றைத் தேடும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு தொடங்கியதுமே முன்மொழியப்படும் பெயர்களுள் ராகினியும் ஒன்று. சிறிய பெயர், நெடிலில் தொடங்கி இகரத்தில் முடிவதால் அழைப்பதற்கு எளிது, சீன, மலாய் அண்டை வீட்டாரின் நாவிலும் சிதையாது. இத்தனை வசதிகள் இருப்பதனாலேயே அதன் பொருளை யாரும் அதிகம் கேட்பதில்லை. "ராகம் போன்றவள்" என்று ஒரு விடை சொல்லப்படும்; அது தவறன்று, ஆயினும் முழு விடையும் அன்று.

ராகம் என்னும் வடசொல் 'ரஞ்ச்' என்ற வேரிலிருந்து பிறந்தது. அவ்வேருக்குச் சாயம் ஏறுதல், நிறம் கொள்ளுதல், சிவத்தல் என்பவையே முதற்பொருள்கள். மனம் ஒன்றின்பால் நிறம் ஏறுவதைக் குறித்து அது பற்று, காதல் என்ற பொருள்களையும் பெற்றது; அனுராகம் என்ற சொல்லில் இன்றும் அப்பொருள் நிற்கிறது. கேட்பவர் மனத்துக்கு நிறம் ஊட்டுவது, அதாவது அதை மகிழ்விப்பது என்ற கருத்தில்தான் இசைக்கு அச்சொல் வந்து சேர்ந்தது. ரஞ்சனி, ரஞ்சிதா ஆகிய பெயர்களும் இவ்வேரின் பிள்ளைகளே. ராகம் என்பதோடு உடைமைப் பொருள் தரும் 'இன்' விகுதியும் பெண்பால் ஈறும் சேர்ந்து, "ராகம் உடையவள்" என்ற பொருளில் ராகினி அமைகிறது. வடமொழிப் புணர்ச்சி விதிப்படி அது ராகிணி என்று டண்ணகரத்தோடு நிற்க வேண்டும், ருக்மிணியைப் போல. தமிழ் வழக்கில் றன்னகரமே நிலைத்துவிட்டது.

இசைச் சொல்லாக ராகினிக்கு உரிய இடம் வட இந்தியா. அங்கே இடைக்காலத்து இசையாசிரியர்கள் ஆறு ராகங்களை ஆண்களாகவும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து அல்லது ஆறு ராகினிகளை மனைவியராகவும் வைத்துக் குடும்பமாக வகுத்தார்கள். இராசத்தான அரண்மனைகளில் தீட்டப்பட்ட ராகமாலை ஓவியங்களில் காதலனுக்குக் காத்திருப்பவளாகவும் மயிலோடு நிற்பவளாகவும் நாம் காணும் பெண்கள் இந்த ராகினிகளே. இருபதாம் நூற்றாண்டில், ராகங்களைச் சுர வரிசையின் அடிப்படையில் வகுக்கும், இசையறிஞர் பாத்கண்டேயின் 'தாட்' முறை பரவிய பின் அப்பகுப்பு வழக்கிழந்தது. கருநாடக இசையின் 72 மேளகர்த்தா (தாய் ராக) அமைப்பில் ராகினி என்ற வகையே இல்லை. தென்னகத்தார் ராகங்களின் பெயர்களையே நேராகப் பெண்களுக்குச் சூட்டிக்கொண்டனர். கல்யாணியும் பைரவியும் வீடுதோறும் இருக்கிறார்கள். முகாரி என்று மகளுக்குப் பெயரிட்டவரை நான் கண்டதில்லை.

தமிழ் எழுத்து மரபு இப்பெயரை வேறொரு கோணத்திலும் சோதிக்கிறது. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே பழைய முறையில் இராகினி என்றுதான் எழுத வேண்டும். பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டுமென்று கருதும் குடும்பங்களுக்குச் சிக்கல் இங்குதான் எழுகிறது. சித்திரைக்குப் பட்டியல் தரும் எழுத்துகள் பே, போ, ரா, ரி என்பவை. அவற்றுள் 'ரா'வையும் 'ரி'யையும் தேர்ந்தவர்கள் தமிழ்ச் சொல்லை எங்கே தேடுவது? அப்பட்டியல் வடமொழிப் பெயர்களை மனத்திற்கொண்டு அமைந்தது என்பதை உணர்ந்தால் அந்தக் கட்டாயத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனி, நிகரான தமிழ்ப் பெயர். ராகத்துக்கு நேர்த் தமிழ்ச்சொல் பண். யாழ் வாசிப்பின் எட்டு வகைக் கலைத்தொழில்களைச் சொல்லும் சிலப்பதிகாரம் 'பண்ணல்' என்பதையே முதலாவதாக வைக்கிறது. நரம்புகளை இசைக்கு ஏற்பச் செம்மைப்படுத்தும் அத்தொழிலும் பண்ணும் ஒரே அடியில் பிறந்தவை. ஆனால் பண்ணோடு பெண்பால் இகரத்தைச் சேர்த்தால் 'பண்ணி' என்றாகும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரோடு ஒரு பெண் படப்போகும் பாட்டை விளக்க வேண்டியதில்லை. பண்ணைத் தனியே நிறுத்தாமல் வேறொரு சொல்லோடு சேர்த்தே பெயராக்க வேண்டும்.

அதற்கு வழிகாட்டி தேவாரத்தில் இருக்கிறது. திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில், அடைத்துக் கிடந்த கோயிற் கதவு திறக்கும்படி அப்பர் பாடிய பதிகம் "பண்ணின் நேர்மொழியாள்" என்று அம்மையை அழைத்தே தொடங்குகிறது. அத்தலத்து அம்மையின் திருப்பெயர் யாழைப் பழித்த மொழியாள். அவள் பேச்சின் முன் யாழின் இனிமையும் குறைவுபட்டது என்பது பொருள். இவ்விரண்டு தொடர்களையும் சுருக்கினால் பண்மொழி, யாழ்மொழி என்ற இரண்டு பெயர்கள் கிடைக்கின்றன. தேன்மொழியும் கனிமொழியும் ஏற்கெனவே பரவலாக வழங்குவதால் பண்மொழி என்பது புதுமையாகவும் இருக்கும், அந்நியமாகவும் தோன்றாது.

எனினும் ராகினிக்கு மிக நெருங்கிய இணை யாழினி என்றே நான் சொல்வேன். யாழ் என்றால் நரம்புக் கருவி என்பது யாவரும் அறிந்தது: 21 நரம்புகள் கொண்ட பேரியாழ் முதல் 7 நரம்புகள் கொண்ட செங்கோட்டியாழ் வரை பல வகைகள் இருந்தன, பின்னாளில் வீணை மேலோங்க, யாழ் வழக்கொழிந்தது. சுவாமி விபுலாநந்தர் பழைய நூற்குறிப்புகளைக் கொண்டு அதன் இலக்கணத்தை ஆராய்ந்து எழுதிய நூல் 1947இல் வெளிவந்தது. அவ்வளவாக அறியப்படாத செய்தி, யாழ் என்ற சொல் பண்ணையும் குறிக்கும் என்பதே. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது "யாழின் பகுதி" என்று சொல்வதை உரையாசிரியர்கள் அந்தந்த நிலத்துப் பண் என்றே விளக்குகிறார்கள். குறிஞ்சி யாழ், முல்லை யாழ் என்பவை கருவிகளாக அல்லாமல் பண்களாகவே அங்குப் பொருள்படும். ஆகவே "பண் உடையவள்" என்ற பொருளையும் யாழினி தருகிறது. "ராகம் உடையவள்" என்பதற்கு இதைவிட நேரான ஈடு கிடைப்பது அரிது. எழுத்து மரபும் துணை நிற்கிறது. "ஆவோடு அல்லது யகரம் முதலாது" என்பது தொல்காப்பிய நூற்பா. யகர வரிசையில் சொல்லுக்கு முதலாக அது ஏற்கும் ஒரே எழுத்து 'யா'. கேட்டை நட்சத்திரத்துக்குரிய எழுத்துகளிலும் 'யா' உண்டு என்பது பட்டியல் பார்ப்போருக்கான கூடுதல் செய்தி.

யாழினியின் ஈறு குறித்து ஓர் ஐயம் அவ்வப்போது எழுப்பப்படுகிறது: 'இனி' என்பது பத்மினி, மோகினி ஆகியவற்றிலிருந்து எடுத்து ஒட்டிய வடமொழி ஈறு அல்லவா? இக்காலத்தில் அப்பெயர்களின் ஓசை மனத்தில் இருந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் பாடும் பெண்ணைப் 'பாடினி' என்றே சங்கப் புலவர்கள் அழைத்தார்கள். புறநானூற்றின் 11ஆம் பாட்டில் பாடினி பொன்னிழை பரிசாகப் பெறுகிறாள். அதைப் பாடியவர் பேய்மகள் இளவெயினி என்னும் பெண்பாற் புலவர். இசைக் கலைஞரான பெண்ணுக்கு இவ்வீற்றில் ஒரு பழந்தமிழ்ப் பெயர் இருக்கும்போது, யாழினியைக் கலப்புப் பெயர் என்று ஒதுக்க வேண்டியதில்லை. பெற்றோர் பலர் சொல்லும் "யாழ்போல் இனியவள்" என்ற விளக்கமும் வெறும் கற்பனையன்று; இனித்தல் என்பதன் பகுதி 'இனி' என்பதே. தவிரவும், "குழலினிது யாழினிது" என்று வள்ளுவர் தொடங்கும் குறள் மக்கட்பேறு அதிகாரத்தில் நிற்கிறது. மழலைக்குப் பின்தான் யாழ் என்று அவர் சொன்னது பெயர்தேடும் பெற்றோருக்கு இடையூறாகாது என்று நம்புகிறேன்.

ஓசையையும் பார்த்துவிடலாம். யாப்பு முறையில் அலகிட்டால் ராகினி நேர், நிரை என்று பிரிந்து கூவிளம் ஆகிறது. யாழினியும் பண்மொழியும் அதே கூவிளம். ராகினி என்ற பெயரின் நடையை விரும்பியவர்கள், தமிழுக்கு மாறுவதால் அந்த நடையை இழப்பதில்லை.

வேறு சில பெயர்களும் உண்டு. இசை என்பதற்குப் புகழ் என்றும் பொருள் இருப்பதால் அது தனிப்பெயராகவே நன்கு நிற்கும். இசைவாணியில் வாணி வடசொல். குயிலி என்ற பெயரைப் பறவையோடு மட்டும் தொடர்புபடுத்துகிறோம். இசைக்கருவி வாசித்தலைக் குயிலுதல் என்றும் வாசிப்பவரைக் குயிலுவர் என்றும் பழந்தமிழ் சொல்லும். வேலுநாச்சியாரின் படையோடு இணைத்துப் பேசப்படும் பெயர் என்பதால் அதில் மென்மையோடு வீரமும் உண்டு. குறிஞ்சி பூவாகவும் நிலமாகவும் பண்ணாகவும் நிற்பது. தனியே விளக்கத் தேவையில்லை.

சிங்கப்பூரில் ஒரு பெயர் தமிழில் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. பிறப்பை 42 நாள்களுக்குள் பதிய வேண்டும். 30ஆம் நாள் சடங்கு வரை பெயரைத் தள்ளிப்போடும் வீட்டார்க்கு எஞ்சும் நாள்கள் குறைவு. பதியும்போது உரோமன் எழுத்தில் என்ன எழுதுகிறோமோ அதுவே வகுப்பறையிலும் மருந்தகத்திலும் உரக்கப் படிக்கப்படும். ழகரத்துக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளை இடுவது தமிழர்களிடையே நன்கு பரவிய வழக்கம். ஆனால் மாண்டரினை ஹன்யூ பின்யின் என்னும் உரோமன் எழுத்து முறை வழியே கற்றவர்களுக்கு அவ்விரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ ஜகர ஒலி; அவர்கள் யாழினியை 'யாஜினி' என்றே படிப்பார்கள். எல் எழுத்தை இட்டால் 'யாலினி' ஆகும். ழகரம் போய்விடும், ஆனால் பெயர் அடையாளம் தெரியும் அளவுக்குப் பிழைக்கும். விந்தை என்னவென்றால் சீனரால் ழகரத்தை ஒலிக்க முடியாது என்பதில்லை: மனிதரைக் குறிக்கும் 'ரென்' என்ற மாண்டரின் சொல்லின் முதலொலி நம் ழகரத்துக்கு மிக அருகில் உள்ளது. இரண்டு எழுத்துக்கூட்டுகளுள் எதைத் தேர்ந்தாலும், பாட்டி தாத்தா இருவரும் எழுதும் வாழ்த்து அட்டை முதல் கடப்பிதழ் வரை அதையே மாறாமல் வைத்துக்கொள்வது நல்லது. பண்மொழியிலும் ழகரம் உண்டு. அங்கும் இதே தேர்வுதான். ழகரத்தின் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்குக் குயிலி இருக்கிறாள். அந்தப் பெயரை எந்த எழுத்துக்கூட்டிலும் பிறழப் படிப்பது கடினம்.