அதை உப்பு என்று சொல்லாதீர்கள்

போன வாரம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இன்னொரு ஃபிட்டர் தம்பியைக் கண் எரிந்து, மூச்சு முட்டிய நிலையில் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்த ஒரு வருஷத்தில் நான் பார்க்கும் மூன்றாவது ஆள். மூன்று பேரும் செய்தது ஒரே வேலைதான்: அடைத்துக்கொண்ட பைப்பைத் திறந்து, உள்ளே இருந்த "உப்பை" ஸ்டீம் அடித்துக் கரைக்கப் பார்த்தார்கள்.

பாய்லர் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் சோதனை யூனிட் அது. கரைப்பான், அம்மோனியா கலந்த தண்ணீர். இந்த வேலைக்கு வழக்கமாகப் போடும் அமீன் என்ற ரசாயனத்தைவிட விலை குறைவு, புகையில் இருக்கும் ஆக்சிஜனால் கெட்டுப்போகாது. நல்ல தொழில்நுட்பம்தான், எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் பிடித்த வாயுவைச் சூடாக்கிப் பிரிக்கும் கோபுரத்தின் உச்சியிலிருந்து வரும் லைன் இருக்கிறதே, அங்கே அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சேர்ந்தே வரும். எங்கே குளிர்கிறதோ அங்கே மூன்றும் கூடி அம்மோனியம் பைகார்பனேட்டாக வெள்ளையாகப் படிந்து அடைக்கும்.

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நம் ஆட்களுக்கு, வெள்ளையாகப் பொரபொரவென்று இருந்தால் அது உப்பு. வேதியியல் புத்தகப்படி அம்மோனியம் பைகார்பனேட்டும் ஒரு உப்புதான், அந்தப் பெயர்தான் ஆளைக் கெடுக்கிறது. சோற்று உப்பைச் சட்டியில் போட்டு வறுத்தாலும் உப்பாகவே இருக்கும். இது 36 டிகிரி வாக்கிலேயே பிரியத் தொடங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் வெயில் பட்ட பைப்பே அதைவிடச் சூடாக இருக்குமே! ஒரு கிலோ கட்டி முழுதாகப் பிரிந்தால் ஏறக்குறைய 300 லிட்டர் அம்மோனியா, அதே அளவு கார்பன் டை ஆக்சைடு. பத்தடிக்குப் பத்தடி அறையில் அது பரவினால் அம்மோனியா மட்டும் 10,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) தாண்டும். 300 பிபிஎம்மே உயிருக்கு ஆபத்தான அளவு. அந்தத் தம்பி வாளியில் அள்ளி வைத்திருந்ததே நாலைந்து கிலோ இருக்கும்.

"ஆக்சிஜன் மீட்டர் கத்தவில்லையே சார்" என்றார் சூப்பர்வைசர். எப்படிக் கத்தும்? உயிருக்கு ஆபத்தான 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தாலும் ஆக்சிஜன் 20.9-லிருந்து 20-க்குத்தான் இறங்கும். மீட்டரின் அலாரம் 19.5-ல். அம்மோனியாவுக்கு ஒன்று, கார்பன் டை ஆக்சைடுக்கு ஒன்று என்று தனித்தனி சென்சார் வேண்டும்.

சரி, அடைப்பை எப்படி எடுப்பது? பிளைண்ட் என்ற அடைப்புத் தகட்டைப் போட்டு லைனைத் தனிமைப்படுத்துங்கள். திறக்காமலே, உள்ளே தண்ணீர் ஓட்டிக் கரையுங்கள். கிளம்பும் வாயு, அதைக் கழுவிப் பிடிக்கும் ஸ்க்ரப்பருக்குப் போகட்டும். நேரமாகும், ஆகட்டும். ஸ்டீம் ஹோஸைத் தொடவே கூடாது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு பைப்பை இணைக்கும் எந்த ஃபிளாஞ்சையும் கழற்றாதீர்கள். அந்த லைனில் பித்தளை வால்வு ஏதாவது இருந்தால் இன்றே மாற்றுங்கள், அம்மோனியா அதில் விரிசல் விழச் செய்யும்.

கண்ணில் பட்டுவிட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் அந்த இடத்திலேயே குறைந்தது 15 நிமிஷம் இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீரில் கரைந்த அம்மோனியா, அமிலத்துக்கு எதிரான காரம்; அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். அப்புறம், தயவுசெய்து, டாக்டரிடம் "உப்பு பட்டுவிட்டது" என்று சொல்லாதீர்கள். அம்மோனியா என்று சொல்லுங்கள். மூச்சு சீரான மாதிரி தெரிந்தாலும் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம்; அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் ராத்திரி வைத்துப் பார்ப்பார்கள்.